நட்ட கணக்கும் பிழைத்த கணக்கும்

எங்கள் தெருமுனையில் ஒரு மரக்கூண்டு நிற்கிறது. பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டு. அதன் தகட்டில் வெள்ளை எழுத்தில் ஆறு பேர் பெயர் இருக்கும். மூன்றாவது பெயர் என்னுடையது. கூண்டுக்குள் மரம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு மதினி அதில் கால்மிதி காயப் போடுவார். காலேஜுக்கு பஸ் ஏறப் போகும்போதெல்லாம் என் பெயரின் மேல் ஒரு ஈரக் கால்மிதி தொங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன்.

மரம் வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வளர்ந்த மரத்தில் ஆரம்பிப்பார்கள். நான் செத்த மரத்தில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்ய, எங்களிடம் அதுதான் அதிகம்!

சொந்த ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி தாலுகா. எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த ஊர், கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் ஊர் என்று சொன்னால் புத்தகம் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியும். மற்றவர்களுக்குக் கரிசல் காடு என்றால் போதும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண். சித்திரை வந்தால் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது வேலிமுள். (பாடப்புத்தகத்தில் சீமைக்கருவேலம் என்று போட்டிருக்கும். எங்களுக்கு வேலிமுள்தான்.)

2021 ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் இறந்தார். அப்துல் கலாம் சொன்னதற்காக ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பி, லட்சக்கணக்கில் நட்டவர். பக்கத்து கோவில்பட்டிக்காரர் என்ற பாசம் வேறு. தமிழ்நாடு முழுக்க அந்த வாரம் எல்லோரும் மரக்கன்று நட்டார்கள். நாங்களும் நட்டோம். கொரோனாவில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்த நேரம், எங்களுக்கும் பொழுது போகவில்லை. தெருவில் வசூல் பண்ணி, மாஸ்க் போட்டுக்கொண்டு, ரோட்டோரம் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் 42 கன்று. படத்துக்கு மாலை, பிளெக்ஸ், போட்டோ எல்லாம் உண்டு. ஒரு கூண்டு மட்டும்தான் காசு கொடுத்துச் செய்ய முடிந்தது. அதில்தான் பெயர் எழுதிக்கொண்டோம்.

ஏப்ரல் மாதம். சித்திரை. கரிசல் மண். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தச் சம்சாரியாவது சித்திரையில் கன்று நடுவாரா? தெருவில் அத்தனை சம்சாரிகள் இருந்தார்கள், ஒருத்தரும் சொல்லவில்லை. பின்னால் கேட்டபோது ஒரு தாத்தா சொன்னார், "நீங்க எங்கள எங்கப்பா கேட்டீக?"

மே 10 முதல் முழு ஊரடங்கு. வெளியே வரமுடியவில்லை. ஆடி மாதம் எண்ணிப் பார்த்தால் 3 கன்று. அடுத்த வருஷம் எண்ணியபோது 1. அந்த ஒன்றும் நாங்கள் காப்பாற்றியதல்ல. டீக்கடை அண்ணாச்சி கிளாஸ் கழுவிய தண்ணீரை வீசி ஊற்றும் இடத்தில் அது இருந்தது. அவருக்கு அங்கே ஒரு புங்கங்கன்று இருப்பதே ரொம்ப நாள் தெரியாதாம்.

இந்த டீக்கடைப் புங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த முகாமிலும் கிடைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கோடையிலேயே ஒரு சண்டை நடந்தது. ஒரு பெரியம்மா வீட்டு வாசலில் கன்று வாடிக் கிடந்தது. "ஒரு செம்பு தண்ணி ஊத்தக்கூடாதா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விடியுமுன்னே வேன் ஏறி வேலைக்குப் போய்விட்டு இருட்டுக்குத் திரும்புகிறவர். "ஏண்டா, எங்கிட்ட கேட்டா நட்ட? நாலு குடம் புடிச்சு வச்சு நாங்க ரெண்டு நாளைக்குப் பொழங்குறோம். நீ போட்டோ புடிக்க நட்ட செடிக்கு எங்குடத்துல இருந்து ஊத்தணுமா?" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள் என்று நண்பர்களிடம் புலம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பி.காம். படிக்கிறவனுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பது இது. ஒரு இயந்திரம் வாங்குவது ஒரு செலவு, அதை ஓட்டிப் பராமரிப்பது வேறு செலவு. நாங்கள் முதல் செலவுக்கு வசூல் பண்ணினோம். இரண்டாவது செலவை, அதுவும் தண்ணீராக, அதுவும் பெண்கள் சுமக்கும் தண்ணீராக, தெருவின் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டோம்.

நிழல் வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் அதிகாரிகள் சோதனை போட்ட செய்தி வரும்போது கவனித்துப் பாருங்கள். விதிமீறல் பட்டியலில் 'மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தது' என்று ஒன்று அடிக்கடி இருக்கும். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை மீறி வெளியே மரத்தடியில் உட்கார வைப்பது ஆபத்து, தப்புதான். ஆனால் உள்ளே எப்படிக் கொதிக்கும் என்பது பங்குனி, சித்திரையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். எங்கள் மாவட்டத்தில் வேப்பமர நிழல் என்பது அழகுக்கு வைப்பது இல்லை.

இரண்டு வருஷம் நாங்கள் எதுவும் செய்யவில்லை. ஆளுக்கொரு காலேஜ், ஆளுக்கொரு வேலை.

2023-ல் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போனோம். எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்து, 1896-ல் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே போனவர்தான் ரமண மகரிஷி. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த மலை கொஞ்சம் சொந்தம் மாதிரி. அப்பா 14 கிலோமீட்டரும் 'மலையைப் பாரு, மலையைப் பாரு' என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மலையில் மரத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாக, புல் மட்டும் முளைத்துக் கோடைதோறும் தீப்பிடித்துக்கொண்டிருந்த மலை அது. 1980-களின் கடைசியில் அங்கே மரம் வளர்க்கும் வேலை ஆரம்பித்தது. 2000-களில் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து அதைத் தொடர்ந்தது. சொந்த நாற்றங்கால், அந்த மலைக்குரிய நாட்டு மரங்கள், உள்ளூர் ஆட்களுக்கு வேலை. மழைக்காலத்தில்தான் நடுவார்கள். மழை நின்றபிறகு அடுத்த வேலை தீத்தடுப்புக் கோடு. நீளமாகப் பட்டை பட்டையாகப் புல்லை அப்புறப்படுத்திவிடுவார்கள், தீ பிடித்தாலும் தாண்டாது. தாண்டினால் அணைக்க ஆள் ஓடும். 2009-ல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியும் இவர்களுடையதுதான். அங்கே பிள்ளைகளுக்கு மரமும் கைவினையும் பாடத்துக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை.

எனக்குப் பிடித்தது அந்தத் தீத்தடுப்புக் கோடுதான். அதற்கு யாரும் பிளெக்ஸ் வைக்கமாட்டார்கள். புல் வெட்டுவதைப் போட்டோ எடுத்தால் புல் வெட்டுவது மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு வருஷம் அதைச் செய்யாமல் விட்டால் பல வருஷம் நட்டது ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

திரும்பி வந்ததும் லைப்ரரியில் வங்காரி மாத்தாயைப் பற்றித் தேடிப் படித்தேன். கென்யா நாட்டுக்காரர், 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஒரு பூங்காவில் 7 கன்று நட்டுத்தான் அவர் ஆரம்பித்தார். அதில் 2 தான் பிழைத்தது. படித்தபோது என்ன ஒரு ஆறுதல்! (எங்களுக்கு 42-க்கு 1. இருந்தாலும் ஆறுதல் ஆறுதல்தான்.) பிறகு அவருடைய பசுமைப் பட்டை இயக்கம் கிராமத்துப் பெண்களை வைத்து 3 கோடிக்கும் மேல் மரம் வளர்த்தது. அவர்கள் பெண்களுக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்தார்கள். எதற்கு? நட்ட கன்றுக்கு இல்லை. பிழைத்த கன்றுக்கு. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. கணக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பீரோவில் பத்திரமாக இருக்கும் ஒரே கணக்கு மொய் நோட்டு. காதுகுத்தா, கல்யாணமா, யார் எவ்வளவு செய்தார்கள் என்று முப்பது வருஷத்துக்கு முந்தினதும் அதில் இருக்கும். அதில் பெயர் ஏறிவிட்டால் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். வட்டியில்லாக் கடன், ஆனால் மானக்கடன். அதே மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கினோம். பிள்ளையார் சுழி போட்டோம்.

இந்த முறை முதலில் கேட்டோம். வீடு வீடாகப் போய், உங்களுக்கு மரம் வேண்டுமா, என்ன மரம், எங்கே வைக்கலாம் என்று. சண்டை போட்ட பெரியம்மா வீட்டுக்கும் போனேன். 'வேணும்'னு சொன்ன வீடு 20. அரிசி களைந்த தண்ணீர் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது கழனித்தண்ணி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்விடும், ஒரு சொட்டு மிஞ்சாது என்று பெண்கள் சிரித்தார்கள். மிஞ்சுவது குளிக்கிற தண்ணீரும் துணி அலசும் தண்ணீரும்தான். டீக்கடைப் புங்கையின் பாடம் இங்கேதான் உதவியது. அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே குழி. ஒரு அடி தள்ளி செங்கல் ஜல்லியும் மணலும் போட்ட சின்னப் பள்ளம் வழியாகத் தண்ணீர் இறங்கும். வேம்பு, புங்கை, பூவரசு மட்டும். (பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், போத்து வெட்டி வைத்தாலே வந்துவிடும்.) வரிசை கோணலாகப் போனது. ஒரு மரம் சந்துக்குள், ஒன்று மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். எங்களில் ஒருவன் 'போட்டோவுக்கே வராதுடா' என்று வருத்தப்பட்டான்.

கூண்டுக்குக் காசு இல்லை. ஒரு கூண்டு விலையில் பத்து கன்று வாங்கலாம். வேலிமுள்ளை வெட்டி வட்டமாக நட்டோம். 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊராக ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கினார்களே, அதே வேலிமுள். நிலத்தடித் தண்ணீரைக் குடிக்கிறது என்று எல்லோரும் திட்டும் மரம் எங்கள் வேப்பங்கன்றுக்கு இரண்டு வருஷம் காவல் நின்றது. ஆடு கிட்டே வரவில்லை. (வந்த இரண்டு ஆட்டைப் பற்றிப் பிறகு.)

பிள்ளைகள் இதில் எப்படி வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தையில் இலை வைத்துப் படம் செய்யலாம் என்று கூப்பிட்டோம். பிரிட்டனில் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்று ஒரு கலைஞர் இருக்கிறார். இலை, பூ, கல், பனிக்கட்டி இதை மட்டும் வைத்து வெட்டவெளியில் உருவம் செய்வார், அது காற்றிலும் வெயிலிலும் கலைந்துபோகும். அவர் படங்களை மொபைலில் காட்டினேன். ஒரு பொடிப்பயல் "எங்க அம்மா தெனமும்தான கோலம் போடுது, அதுவும் மத்தியானத்துக்குள்ள அழிஞ்சிருது" என்றான். சரிதானே?

முதல் ஞாயிறு, தெருவில் போய் ஆளுக்குப் பத்து விதமான இலை கொண்டுவாருங்கள் என்று அனுப்பினேன். அரைமணி நேரம் அலைந்தார்கள். எல்லோருடையதையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தமே 7 விதம்தான். அதில் ஒன்று வேலிமுள், ஒன்று பக்கத்துவீட்டுக் கறிவேப்பிலை (அதற்குத் திட்டு வாங்கினோம்). எங்கள் தெருவில் எத்தனை வகை மரம் இருக்கிறது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்காது.

அடுத்தடுத்த வாரம் கண்மாய்க் கரை வரை போய்ப் பொறுக்கி வந்தார்கள். ஒருத்தி, அவள் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர், மண்ணில் ஒரு சின்னச் சட்டி வரைந்து அதன் வாயிலிருந்து வேப்பம்பூவையும் மஞ்சள் கொன்றைப் பூவையும் மேல்நோக்கி விசிறி மாதிரி அடுக்கினாள். பூச்சட்டி! அதே பூச்சட்டிதான், ஆனால் புகை இல்லாதது. வேனில் வந்து இறங்கிய அவள் அம்மா தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் 'எங்க வீட்டுக்கும் ஒரு கன்னு எழுதிக்க' என்று நோட்டு வைத்திருக்கும் பையனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பூச்சட்டியை ராத்திரியே ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது, அது தனிக்கதை.

வாராவாரம் நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். நிற்கிறது என்றால் 'நி', வாடல் என்றால் 'வா', செத்துவிட்டால் 'போ'. ஒரு சித்தப்பா வீட்டுப் பெயருக்கு நேரே 'போ' என்று எழுதிவிட்டார்கள். அவர் சண்டைக்கே வந்துவிட்டார். "எம்பேருக்கு நேர போ-ன்னு எழுதுவீகளா? எங்கடா போக?" என்று. சமாதானம் பண்ணவே முடியவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே விருதுநகர் போய் அவர் காசில் வேறு ஒரு வேப்பங்கன்று வாங்கிவந்து வைத்தார். (அதை எங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் கன்று, அவர் கணக்கு.)

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். 2023 ஐப்பசியில் வைத்தோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை ஞாபகமிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனால் கரிசலில் தண்ணீர் நின்றால் சீக்கிரம் இறங்காது. தாழ்வான இடத்தில் வைத்த 3 கன்று வேர் அழுகிப் போனது. தண்ணீர் இல்லாமல் சாகும் என்று மட்டும்தான் நாங்கள் யோசித்திருந்தோம். 2 கன்றை ஆடு தின்றது, முள்ளை விறகுக்கு யாரோ உருவிவிட்டார்கள். ஒன்று வீட்டுக்குப் படி கட்டும்போது போனது. இன்னொன்று, எழுதவே கை வரவில்லை, எங்கள் வீட்டுக் கன்று. 2024 ஏப்ரல், எனக்கு செமஸ்டர் பரீட்சை. அம்மா ஊருக்குப் போயிருந்தார். நான் புத்தகமும் கையுமாக மொட்டைமாடியில் இருந்தேன். கீழே கன்று காய்ந்துபோனது. நோட்டை எடுத்து வந்த பையன் வாசலில் நின்று, "அண்ணே, என்ன எழுத?" என்று கேட்டான்.

'போ' என்றுதான் எழுதினான். நானே எழுதச் சொன்னேன்.

20-க்கு 13. பெரியம்மா வீட்டு வேம்பு இப்போது வீட்டு ஓட்டைத் தொட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார். நான் அந்த வழியாகப் போனால், "என்னடா, உங்க வீட்டுது என்னாச்சு?" என்று கேட்கிறார். தவறாமல் கேட்கிறார்!

போன மாதம் தெருமுனை இரும்புக் கூண்டைப் பிடுங்கி வேறு இடத்தில் புதுக் கன்றுக்கு வைக்கலாம் என்று போனோம். எதிர்வீட்டு மதினி விடவில்லை. "அப்ப கால்மிதிய நா எங்க காயப்போட?" என்றார். நியாயமான கேள்விதான். கூண்டு இருக்கட்டும், அதற்குள்ளேயே ஒரு பூவரசுப் போத்து வைக்கிறோம், உங்கள் வீட்டுத் துணி அலசுகிற தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாமா என்று கேட்டோம். கூண்டின் ஒரு பக்கத்தைக் கால்மிதிக்கு விட்டுவிட வேண்டும் என்று பேசி முடித்தார். தகட்டில் இருந்த ஆறு பெயர் மேலும் பெயின்ட் அடித்தாயிற்று. நோட்டில் அவர் பெயரில் புது வரி. முதல் வாரம் 'வா'. இரண்டாவது வாரமும் 'வா'. போன ஞாயிறு கணுவில் கடுகளவு ஒரு பச்சை தெரிந்தது என்று பையன் ஓடி வந்தான். 'நி' போடலாமா என்று கேட்டான். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.